கிளி உங்களைப் பழக்கிவிடும் முன்

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்த காக்டெயில் கிளி, மூன்றே மாதத்தில் என் அம்மாவை நன்றாகப் பழக்கிவிட்டது. அது வீலென்று ஒரு கத்து கத்தினால் அம்மா அடுப்படியிலிருந்து "என்னடா கண்ணு, என்ன வேணும்?" என்று ஓடி வருவார். இரண்டாவது கத்தலுக்கு ஒரு சூரியகாந்தி விதை. அதே மூன்று மாதமும் நான் விரலை நீட்டி "வா, ஏறு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் யார் நல்ல வாத்தியார் என்று அன்றைக்குத் தெரிந்துவிட்டது.

கடிக்கிறது, கத்துகிறது என்று கிளி வளர்ப்பவர்கள் புலம்பும்போது நான் கேட்பது ஒன்றுதான்: அது அப்படிச் செய்த அடுத்த நொடி நீங்கள் என்ன செய்தீர்கள்? கோளாறு பெரும்பாலும் அந்த நொடியில்தான் தொடங்கியிருக்கும்.

அதற்கு முன் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். தென்னந்தோப்பில் பொந்திலிருந்து எடுத்த பச்சைக்கிளிக் குஞ்சை வாங்கி வளர்ப்பது முதல் தவறு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம்மூர்க் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம். கீழே விழுந்த குஞ்சு கிடைத்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். நம் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கும் பட்ஜியும், காக்டெயிலும் ஆஸ்திரேலியப் பறவைகள். அசல் லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. சன் கனூர், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்றவை வைத்திருந்தால் 2024இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். பில்லும் காகிதமும் தராத கடைக்காரரிடம் வாங்காதீர்கள்.

சரி, கடிக்கு வருவோம். புதிதாக வளர்ப்பவர்கள் கடி என்று நினைப்பதில் பாதி கடியே இல்லை. கிளிக்கு அலகு மூன்றாவது கால் மாதிரி. விரலில் ஏறுமுன் இந்தக் கிளை தாங்குமா என்று அலகை வைத்துப் பார்க்கும். அந்த நேரத்தில் பயந்து கையை இழுத்தால், ஆடுகிற கிளை என்று அது உங்கள் கையை ஒதுக்கிவிடும். இன்னொன்றையும் கற்றுக்கொள்ளும்: அலகை வைத்தால் இந்தக் கை போய்விடும். அடுத்த முறை நிஜமாகவே கடிக்கும்.

நிஜக் கடிக்கு முன் அது எச்சரிக்காமல் இருப்பதில்லை. காக்டெயிலின் கொண்டை பின்பக்கமாக ஒட்டப் படிந்துவிடும், பாம்பு போல் சீறும். பெரிய கிளிகளுக்குக் கண்மணி சுருங்கிச் சுருங்கி விரியும். உடம்பு விறைக்கும். அப்போதே கையை நிதானமாக எடுத்துவிட்டால் விஷயம் அங்கேயே முடிந்தது. "பயப்படக் கூடாது, நாமதான் ஜெயிக்கணும்" என்று கையை மேலும் நீட்டுகிறவர்கள் உண்டு. சீறிப் பயனில்லை என்று கண்ட கிளி, நாளடைவில் சீறாமலே கடிக்கும். பிறகு "திடீர்னு கடிக்குது" என்று நம்மிடம் வருவார்கள்.

கடித்துவிட்டால் கத்தாதீர்கள், அலகில் தட்டாதீர்கள், ஊதாதீர்கள். நீங்கள் "ஐயோ" என்று குதிப்பது அதற்கு வேடிக்கை. பேசாமல் மேசை மேல் இறக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், பத்து நொடி போதும். தண்டனையாகக் கூண்டில் அடைப்பதும் வேண்டாம். கூண்டு அதற்கு வீடாக இருக்க வேண்டும், லாக்கப்பாக அல்ல. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசு எங்கள் ஊருக்குப் பெருமைதான், ஆனால் தரையில் நடக்கிற கிளிக்கு அது மணி கட்டிய பொம்மை. காலைக் கொத்துகிறது என்று அதைத் திட்டுவதைவிடக் கொலுசைக் கழற்றி வைப்பது சுலபம்.

கத்தல் வேறு கதை. கிளிகள் கூட்டமாக வாழ்பவை. விடியும்போதும் பொழுது சாயும்போதும் கொஞ்ச நேரம் கத்துவது இயல்பு, அதை நிறுத்த முடியாது. நீங்கள் அறையை விட்டுப் போனதும் கத்துவது "எங்கே இருக்கே?" என்ற கேள்வி. பதில் வராவிட்டால் சத்தம் ஏறும். ஏறிய பிறகு நாம் ஓடினால், ஏறிய சத்தத்துக்குத்தான் கூலி கொடுக்கிறோம். "சும்மா இரு!" என்று திருப்பிக் கத்துவதும் அதற்குப் பதில்தான், ஆள் கிடைத்துவிட்டது என்று இன்னும் உற்சாகமாகக் கத்தும்.

நாங்கள் செய்தது இது. அது மெல்லக் கூப்பிட்டால் அடுப்படியிலிருந்தே ஒரு சின்ன விசில். வீலென்றால் யாரும் அசைவதில்லை. முதல் சில நாள் கத்தல் இரட்டிப்பானது. இது எல்லா வீட்டிலும் நடக்கும். இந்தக் கட்டத்தில்தான் யாராவது ஒருவர் மனசு கேட்காமல் விதையோடு போய்விடுவார்கள், எங்கள் வீட்டில் அத்தை. அரைமணி நேரம் கத்தினால் கிடைக்கும் என்று அது புரிந்துகொண்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி இல்லாவிட்டால் தொடங்காமல் இருப்பதே மேல்.

பேச்சுப் பழக்குவதில் மூடநம்பிக்கைகள் அதிகம். நாக்கைச் சுரண்டினால் பேசும் என்பது வெறும் கொடுமை. குரல் பிறப்பது நாக்கில் அல்ல, மூச்சுக்குழாயின் அடியில் உள்ள குரலுறுப்பில். மிளகாய் கொடுத்தால் நாக்குத் திரும்பும் என்பார்கள். பறவைகளுக்கு மிளகாய் உறைப்பதே இல்லை, அது பாட்டுக்கு ருசித்துத் தின்னும். ஃபோனில் பதிவுசெய்து நாள் முழுக்க ஓடவிடுவதும் வீண். அமெரிக்க ஆய்வாளர் ஐரீன் பெப்பர்பெர்க், அலெக்ஸ் என்ற சாம்பல் கிளிக்கு வார்த்தைகளைக் கற்றுக்கொடுத்தபோது, அதன் முன்னால் இரண்டு பேர் ஒரு பொருளைக் காட்டிப் பெயர் கேட்டுச் சொல்லிக் கைமாற்றிக்கொள்வார்கள். அதைப் பார்த்துத்தான் அது கற்றது. 2007இல் சாவதற்குள் நூற்றுச் சொச்சம் வார்த்தைகளைப் பொருளோடு பயன்படுத்தியது. 'சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை' என்பது பாதிதான் சரி. நாம் ரசித்துச் சொல்வதைத்தான் அது பிடித்துக்கொள்ளும். பட்ஜியிலும் காக்டெயிலிலும் ஆண்தான் அதிகம் பேசும், விசிலடிக்கும். எங்களுடையது கற்றுக்கொண்ட முதல் பாட்டு குக்கர் விசில்.

பயிற்சி என்றால் ஐந்து நிமிடம், நாளைக்கு இரண்டு முறை. தினைக்கதிரைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டு அந்த நேரத்துக்கு மட்டும் வையுங்கள். சொன்னபடி செய்த அதே நொடி கொடுங்கள், தாமதித்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குத் தெரியாது. பட்டினி போட்டுப் பழக்காதீர்கள். முப்பது, நாற்பது கிராம் எடையுள்ள பட்ஜி அதைத் தாங்காது.

முதுகைத் தடவிக்கொடுப்பது அன்பாகத் தெரியும். கிளிக்கு அது இணை சேரும் சைகை. பிறகு மூலையில் ஒண்டும், கிட்டே போனால் பாயும். தலையோடும் கழுத்தோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். குஞ்சு பொரிக்க வைக்கும் எண்ணம் இல்லையென்றால் கூண்டில் பானை கட்டாதீர்கள். இரவு பதினொரு மணிவரை டிவி ஓடும் ஹாலில் கூண்டை வைத்துவிட்டுக் காலையில் சிடுசிடுக்கிறது என்று சொல்லக் கூடாது, அதற்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் வேண்டும்.

ஒருமுறை இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி எங்கள் காக்டெயிலை ஏற்காட்டில் சித்தப்பா வீட்டுக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் அது கம்பியைக் கவ்விக்கொண்டே வந்தது. ராத்திரி குளிரில் ஏதோ வெளிச்சம் பட்டு இருட்டில் அடித்துக்கொண்டு ஓர் இறக்கை நுனியில் ரத்தம். காக்டெயில்களுக்கு இந்த இரவுப் பதற்றம் அதிகம், மங்கலாக ஒரு விளக்கு போட்டிருந்தால் போதும். மறுநாள் காலை சித்தப்பா தோட்டத்துப் பட்டர் ஃப்ரூட்டில் ஒரு துண்டு வெட்டி "சாப்பிடட்டும்டா" என்று நீட்டினார். நல்லவேளை பக்கத்தில் இருந்தேன். அந்தப் பழம் பறவைகளின் இதயத்தைத் தாக்கும் விஷம். அந்த மலையில் விளையும் காபியும் கூடாது. கிளிமூக்கு மாம்பழம் தாராளமாகக் கொடுக்கலாம், கொட்டை வேண்டாம். நான்ஸ்டிக் தவாவைக் காயவிட்டால் எழும் புகையில் அடுத்த அறையில் இருக்கும் கிளியும் நிமிடங்களில் செத்துவிடும்.

இறகைப் பிய்த்துக்கொண்டால் மட்டும் பழக்கம், பிடிவாதம் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். தோல் நோய், பூச்சி, வெறும் விதையே தின்று வந்த சத்துக்குறைவு என எதுவாகவும் இருக்கலாம், சலிப்பு அதற்குப் பிறகுதான். பறவை பார்க்கத் தெரிந்த டாக்டரிடம் போங்கள். சேலத்தில் அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்றரை மணி நேரத் தூரம்தான். கிளம்பும்போது கூண்டின் அடித்தாளை மாற்றாமல் அப்படியே கொண்டுபோங்கள், எச்சத்தையும் அவர் பார்க்க வேண்டும்.