இரண்டு பக்கமும் இடி: ஓர் ஆங்கிலத் தொடரைப் பழகுவது எப்படி?

காவேரிப்பட்டணத்தில் எங்களுக்கு ஒரு ஏக்கர் பெங்களூரா மாந்தோப்பு. ஒரு ஜூனில் கூழ் ஆலை சொன்ன விலை பறிகூலிக்கே கட்டுப்படியாகவில்லை. பறிக்காமல் விட்டால் மரத்தடியிலேயே அழுகும். அப்பா ஒரு காயைக் கையில் உருட்டியபடி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். 'பிட்வீன் எ ராக் அண்ட் எ ஹார்ட் பிளேஸ்' எனக்கு அன்றுதான் புரிந்தது. நம் இருதலைக்கொள்ளி எறும்புதான் அது. 1921-இல் அமெரிக்காவின் அரிசோனா பக்கம் திவாலான நிலையை இப்படிச் சொன்னார்கள்.

சரி, உங்கள் வீட்டு நெருக்கடி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் 'ஐ ஆம்' அல்லது 'வீ ஆர்' சேர்த்துச் சத்தமாகச் சொல்லுங்கள். இரண்டு 'எ'யும் வரவேண்டும். என் டியூஷன் பிள்ளைகள் இரண்டாவதை விழுங்கிவிடுகிறார்கள். இரண்டு வழியும் கஷ்டமாக இருந்தால் மட்டுமே இது பொருந்தும். தோசையா பூரியா என்று யோசிக்கும்போது வேண்டாம்.