வென்ட்ரிக்கிள் படபடப்புக்கு அப்லேஷன்: நாம் எங்கெல்லாம் தவறுகிறோம்

சித்தப்பாவுக்கு மாரடைப்பு வந்து ஆறு வருடம் கழித்து, ஓர் இரவு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. சட்டை நனையும் அளவுக்கு வியர்வை. "கேஸா இருக்கும்" என்று ஓமத் தண்ணீர் கொடுத்து அரை மணி நேரத்தை வீணாக்கினோம். நர்சிங் ஹோமில் எடுத்த ஈசிஜியில் துடிப்பு நிமிடத்துக்கு 180. நன்றாகப் பேசிக்கொண்டுதான் இருந்தார். அதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. கீழறையில், அதாவது வென்ட்ரிக்கிளில் கிளம்பும் வேகத் துடிப்பான வி.டி. வந்தவர்களில் பலர் நினைவோடுதான் இருப்பார்கள். மேலறைப் படபடப்பு என்று நினைத்து வெரபமில் ஊசி போட்டுவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்துவிடலாம். அதனால் எந்த ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாலும், முன்பு மாரடைப்பு வந்ததை முதலில் சொல்லிவிடுங்கள்.

ஊசி மருந்தில் துடிப்பு அடங்கியது. நாங்கள் செய்த பெரிய தவறு அதற்குப் பிறகுதான். ஈசிஜி தாளை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

இதயத்தின் மின்னோட்டத்தைப் பார்க்கும் இ.பி. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "படபடப்பு இருந்தப்போ எடுத்த ஈசிஜி எங்கே?" துடிப்பு அடங்கிய பிறகு எடுத்த பத்து ஈசிஜியைக் காட்டினாலும் அந்த ஒன்றுக்கு ஈடாகாது. 12 லீட் ஈசிஜியில் அலைகளின் வடிவத்தைப் பார்த்தே கீழறையின் எந்தப் பக்கத்திலிருந்து கோளாறு கிளம்புகிறது என்று ஓரளவு சொல்லிவிடுவார்கள். கோளாறான இடத்தைச் சூட்டால் பொசுக்கும் சிகிச்சையான அப்லேஷனில் எங்கே தேடுவது என்பதற்கு அதுதான் வழிகாட்டி. இன்னொன்று, அந்தத் தாள் வெப்பத்தில் அச்சாகும் வகை. ஃபைலில் வைத்தாலும் நாளடைவில் வெளுத்துவிடும். அன்றைக்கே போனில் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள்.

"ஸ்டென்ட் வெச்சாச்சே, அப்புறம் இது எதுக்கு?" என்று எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். ஸ்டென்ட் ரத்த ஓட்டத்தைத் திறந்துவிடும். மாரடைப்பில் செத்த தசை தழும்பாக அங்கேயேதான் இருக்கும். தழும்புக்கு நடுவே உயிரோடு மிஞ்சிய மெல்லிய இழைகள் வழியாக மின்னோட்டம் மெதுவாக ஊர்ந்து, திரும்பத் திரும்ப வட்டமடிக்கும். தொடை இடுக்கு ரத்தக்குழாய் வழியாக வயரை உள்ளே விட்டு, அந்தப் பாதைகளைத் தேடி, சூட்டால் பொசுக்குவதுதான் அப்லேஷன்.

"ஐசிடி மெஷின் இருக்கே" என்று தள்ளிப்போடுவதும் தவறு. ஐசிடி என்பது உடம்புக்குள் பொருத்தும் கருவி. வந்த வி.டி.யை, தேவைப்பட்டால் ஷாக் கொடுத்து நிறுத்தும்; வராமல் தடுக்காது. ஒவ்வொரு ஷாக்கும் நெஞ்சில் உதைத்தது மாதிரி இருக்கும் என்று சித்தப்பா சொல்வார். பழைய மாரடைப்பும் ஐசிடியும் இருந்து, மருந்து சாப்பிட்டும் வி.டி. வந்தவர்களை வைத்து நடந்த வேனிஷ் ஆய்வின் முடிவு 2016-இல் வெளியானது. மாத்திரை அளவைக் கூட்டுவதைவிட அப்லேஷன் நல்ல பலன் தந்தது. ஆனால் இறப்பில் தெளிவான வித்தியாசம் இல்லை. அதனால் அப்லேஷன் ஆனதும் ஐசிடியை எடுத்துவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

தழும்பே இல்லாத நல்ல இதயத்திலும், பெரும்பாலும் வலது கீழறையின் வெளிவாயில் பகுதியிலிருந்து, இந்தத் துடிப்பு வரலாம். அதைக் கேட்டு நடுங்க வேண்டியதில்லை. அப்லேஷனில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆனால் 24 மணி நேரமும் ஈசிஜியைப் பதியும் ஹோல்ட்டர் கருவியில் மொத்தத் துடிப்பில் 10, 15 சதவீதத்துக்கு மேல் தப்புத் துடிப்பு என்றால் அலட்சியம் வேண்டாம். நாளடைவில் இதயத் தசையே தளர்ந்துபோகலாம்.

மாத்திரை விஷயத்தில் சொந்த முடிவு கூடவே கூடாது. சிகிச்சை மேசையில் கோளாறு வெளிப்பட வேண்டும் என்பதற்காகச் சில மருந்துகளை முன்கூட்டியே நிறுத்தச் சொல்வார்கள். எதை, எத்தனை நாள் முன்பு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். துடிப்பை அடக்கும் மருந்தான அமியோடரோன், நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் உடம்பில் தங்கும்.

முடிந்ததும் சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். "கால் மரத்துப்போச்சு" என்று சித்தப்பா எழுந்து உட்காரப் பார்த்தார், நர்ஸ் ஓடிவந்து பிடித்தார். வீட்டுக்கு வந்தபின் சுமார் ஒரு வாரம் தண்ணீர் கேன் தூக்குவது, பைக்கை உதைத்துக் கிளப்புவது, குத்துக்காலிட்டு உட்காருவது வேண்டாம். தொடை இடுக்கில் ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கசிந்தால் படுக்கவைத்து உள்ளங்கையால் பலமாக அழுத்திப் பிடித்தபடியே உதவிக்குக் கூப்பிடுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இதயத்தைச் சுற்றி ரத்தம் சேர்ந்திருக்கலாம்.

ஐசிடி ஒரே ஒரு ஷாக் அடித்து, அப்புறம் நன்றாக இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள், வண்டி ஓட்டாதீர்கள். ஒரே நாளில் இரண்டாவது ஷாக் அடித்தால் நேராக 108.