பழைய கார் வாங்கியவர்கள் ரிப்பேர் செலவில் தவறும் இடங்கள்

கையில் மூன்று லட்சம் இருக்கிறது, மூன்று லட்சத்துக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் கார் பார்க்க வேண்டும் என்று பலரும் கிளம்புகிறார்கள். முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. பத்து வருடம் ஓடிய வண்டி வீட்டுக்கு வந்த சில மாதங்களிலேயே டயர், பேட்டரி, பிரேக் பேட், பெல்ட் என்று வரிசையாகக் கேட்கும். விற்கப்போகிற வண்டிக்கு யாரும் புது டயர் போட்டுவைப்பதில்லை. மூன்று லட்சம் இருந்தால் இரண்டரை லட்சத்துக்கு வண்டி பாருங்கள். மீதியும் அந்த வண்டிக்குச் சேர வேண்டிய பணம்தான்.

டயரைப் பார்க்கும்போது பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2318 என்றிருந்தால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. பட்டன் (தரையைத் தொடும் மேற்பரப்பின் மேடுகள்) தேயாமல் இருந்தாலும், அவ்வளவு வருடத்தில் ரப்பர் இறுகியிருக்கும்.

பழைய வண்டிகளில் பெரிய பில்லுக்குப் பின்னால் பெரும்பாலும் சூடுதான் இருக்கிறது. இன்ஜினின் சூட்டைத் தணிக்கும் திரவமான கூலன்ட் குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றுவது நம் ஊரில் பழகிப்போய்விட்டது. அவசரத்துக்குச் சரி. அப்படியே மாதக்கணக்கில் ஓட்டினால் போர் தண்ணீரின் உப்பு ரேடியேட்டருக்குள் படிந்து அடைக்கும், உள்ளே துரு பிடிக்கும், வாட்டர் பம்ப்பும் போகும். கூலன்ட் லிட்டர் சில நூறு ரூபாய். அதை மிச்சம் பிடித்த வண்டி ஒரு நாள் பைபாஸில் கொதித்து நின்றால், இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போய்விடும். ஹெட் வளைந்திருந்தால் கழற்றி லேத் பட்டறைக்கு அனுப்பி ஃபேசிங் (பரப்பைச் சமமாக்கும் வேலை) செய்ய வேண்டும். பில் பல ஆயிரங்களில் வரும். இதையும்விட மோசமானது, சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போன பிறகும் 'இன்னும் அஞ்சு கிலோமீட்டர்தானே' என்று ஓட்டுவது. தயவுசெய்து செய்யாதீர்கள். உடனே ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள், சூடு ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். வண்டியைக் கட்டி இழுத்துப்போகும் செலவு ஹெட் வேலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

இன்னொன்று: "நம்ம ஊர் வெயிலுக்கு இது தேவையில்லை சார்" என்று கூலன்ட் ஓட்டத்தைச் சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டையே கழற்றிப் போட்டுவிடும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும், மைலேஜ் குறையும், தேய்மானம் கூடும். ஓவர்ஹீட் ஆவதற்கான உண்மையான காரணமும் மறைந்தே கிடக்கும்.

அடுத்தது டைமிங் பெல்ட், அதாவது இன்ஜினுக்குள் பிஸ்டனும் வால்வும் ஒன்றுக்கொன்று ஒத்து இயங்க வைக்கும் பெல்ட். வாங்கியதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, உங்கள் இன்ஜினில் இருப்பது பெல்ட்டா, செயினா என்பது. ஸ்விஃப்ட்டின் 1.3 டீசலில் செயின். சான்ட்ரோ ஜிங்கிலும் ஃபோர்டின் 1.5 டீசலிலும் பெல்ட். பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் கெடு ஒன்று, வருடக் கெடு ஒன்று. எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. குறைவாக ஓடிய வண்டிதானே என்று இங்கேதான் ஏமாறுகிறார்கள். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வை இடித்து வளைத்துவிடும். முன்பு மாற்றியதற்கு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றும்போது பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும், வாட்டர் பம்ப் அதே பெல்ட்டில் ஓடினால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். கிளட்சுக்கும் இதே கதைதான். கியர்பாக்ஸை இறக்கும் லேபர்தான் பெரிது. பிளேட்டை மட்டும் மாற்றி, கிளட்சை மிதிக்கும்போது அதை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கை விட்டுவைத்தால் அதே லேபரை மறுபடி கொடுக்க வேண்டிவரும்.

செக் இன்ஜின் லைட் எரிந்தால், "இந்த சென்சாரை மாத்திப் பார்ப்போம்" என்பவரிடம் கொஞ்சம் நிதானியுங்கள். முதலில் கருவியை வண்டியின் கம்ப்யூட்டரில் மாட்டி ஸ்கேன் போடச் சொல்லுங்கள். அதில் வருகிற கோடும் (பழுதைக் குறிக்கும் குறியீட்டு எண்) எங்கே தேட வேண்டும் என்றுதான் காட்டும். ஒரு வயர் அரிபட்டிருந்தாலும் அதே கோடு வரலாம். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஸ்பேர் விஷயத்தில் ஒரேயடியாகக் கஞ்சத்தனமும் வேண்டாம், ஒரேயடியாக ஒரிஜினலும் வேண்டாம். கதவு, கண்ணாடி, ஹெட்லைட் போன்றவற்றைச் சென்னை புதுப்பேட்டையில் பழையதாக வாங்கலாம், தப்பில்லை. பிரேக், ஸ்டீயரிங், பெல்ட், பேரிங் ஆகியவற்றில் பழையதோ டூப்ளிகேட்டோ வேண்டவே வேண்டாம். செவ்ரோலே 2017-இல் இங்கே விற்பனையை நிறுத்தியது, ஃபோர்டு 2021-இல் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அந்த வண்டிகள் மலிவாகக் கிடைக்கும்போது, உங்கள் ஊரில் ஸ்பேரும் அந்த வேலை தெரிந்த ஆளும் இருக்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள்.

இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பதும் தவறு. தேய்மானத்தால் வரும் ரிப்பேருக்கு அது காசு தராது. விபத்து கிளெய்மிலும் சாதாரண பாலிசியில் பத்து வருடம் தாண்டிய வண்டியின் உலோக பாகங்களுக்கு 50 சதவீதம் பிடித்தம், பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு எந்த வயதிலும் 50 சதவீதம். பெயர் மாற்றிய 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்டு விண்ணப்பித்துவிடுங்கள்.

15 வருடம் ஆகும்போது ஆர்சி (வண்டியின் பதிவுச் சான்று) புதுப்பிக்க வேண்டும். முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000. பசுமை வரியும், எஃப்சிக்கு (தகுதிச் சோதனை) காட்டுவதற்கான டிங்கரிங் (தகரத்தைத் தட்டிச் சரிசெய்வது), பெயின்ட் வேலையும் தனி. 13, 14 வயது வண்டியில் இன்ஜின் வேலை வந்தால், இந்தச் செலவையும் சேர்த்து எழுதிப் பார்த்துவிட்டு மெக்கானிக்கிடம் சரி சொல்லுங்கள்.