பெயிண்டுக்கு முன் துரு, பழைய சீலர் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காருக்குப் பெயிண்ட் அடித்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது, சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கிற வீல் ஆர்ச் ஓரத்திலும் கதவின் அடியிலும் கொப்புளம் கிளம்பிவிடும். உடனே பெயிண்ட் கம்பெனியைத் திட்டுவார்கள். பெரும்பாலும் கோளாறு பெயிண்டில் இல்லை, அதற்கு முந்தின வேலையில் இருக்கிறது; அதிலும் இரண்டு தகடு சேரும் ஜாயின்ட்டில் தண்ணீர் புகாமல் அடைக்கப் பூசின பசையை, அதாவது பழைய சீலரைத் தொடாமல் விட்டதில் இருக்கிறது.

சீலர் பார்க்க முழுசாகத்தானே இருக்கிறது, அதை எதற்குத் தோண்ட வேண்டும் என்று விடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. வருஷக்கணக்கில் வெயில் பட்ட சீலர் இறுகிப்போய்த் தகட்டை விட்டு மயிரிழை அளவு விலகிவிடும். அந்த இடுக்கில் இறங்கின தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே நிற்கும், துரு அடியிலேயே பரவும். சின்ன ஸ்க்ரூடிரைவரால் சீலரின் ஓரத்தை நெம்பிப் பாருங்கள். தகட்டோடு பிடித்துக்கொண்டு இழுவையாக இருந்தால் விட்டுவிடலாம். பொறுக்குப் பொறுக்காகப் பெயர்ந்து, அதன் அடிப்பக்கத்தில் காவி நிறத் தூள் ஒட்டி வந்தால், அந்தக் காவி முடிகிற இடம் வரைக்கும், அதற்கு மேலும் இரண்டு விரற்கடை சேர்த்து எடுத்தாக வேண்டும். அப்புறம் தகட்டையும் அதே முனையால் அழுத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால் அது பெயிண்டர் வேலையே இல்லை, டிங்கர் வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைக்க வேண்டிய வேலை. அங்கே பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) அப்பி மறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள்.

சீலரை எடுக்க கேஸ் டார்ச் பிடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தகடு நெளியும், உள்பக்கத்து ஒயரும் பஞ்சும் பற்றும், கருகின சீலர் விடும் புகை நெஞ்சுக்கு ஆகவே ஆகாது. ஹீட் கன்னில் இளக வைத்து ஸ்கிரேப்பரால் சுரண்டினால் போதும். நேரம் பிடிக்கும்தான், பிடிக்கட்டும்.

அடுத்தது கிரைண்டர். கார் பாடித் தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரைவிட மெல்லிசு. அதில் வெல்டிங் தேய்க்கிற கல்லைப் போட்டு ஒரே இடத்தில் அழுத்தினால் துருவோடு சேர்ந்து நல்ல இரும்பும் போய்விடும், சூட்டில் தகடு அலை அலையாக எழும்பும். நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகளில் லாரி சேஸிஸுக்குச் செய்கிற மாதிரி கார் பானெட்டுக்குச் செய்ய முடியாது. கம்பி பிரஷ்ஷில் வேறு ஒரு ஏமாற்று இருக்கிறது: துருவை எடுக்காமல் மெருகேற்றி விட்டுவிடும். தகடு பளபளவென்று இருக்கும், ஆனால் உற்றுப் பார்த்தால் ஊசி குத்தின மாதிரி கறுப்புப் புள்ளிகள் தெரியும். அந்தக் குழிகளுக்குள் இருப்பது துருதான். 80 நம்பர் எமரி பேப்பரில் தேய்த்தும் போகாவிட்டால் பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துரு நீக்கியைத் தடவி, டப்பாவில் போட்டிருக்கிற நேரத்துக்கு விட்டு, அதில் சொன்னபடியே துடைத்து எடுங்கள். பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டை ஊற்றாதீர்கள். ஜாயின்ட்டுக்குள் இறங்கினால் அதைக் கழுவி வெளியே எடுக்க முடியாது, உள்ளே இருந்தே தின்றுகொண்டிருக்கும்.

கழுவுவது என்றதும் நம் பக்கத்துப் பிரச்சினை ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். திருப்பூர், அவிநாசி, பல்லடம் என்று நிறைய இடங்களில் போர் தண்ணீர் உப்பாக இருக்கும். பெயிண்ட் மேல் பட்டால் வெள்ளைக் கறையோடு போகும். சுரண்டி வெறும் இரும்பாக நிற்கிற தகட்டில் பட்டுக் காய்ந்தால் உப்பு அங்கேயே தங்கிவிடும். அதன் மேல் என்ன பிரைமர் (பெயிண்டுக்கு அடியில் அடிக்கும் முதல் பூச்சு) அடித்தாலும் அந்த உப்பு ஈரத்தை இழுத்து இழுத்துப் பெயிண்டைக் கொப்புளமாகத் தூக்கும். சாயப்பட்டறைக்கு உப்பு லோடு அடிக்கிற வண்டியாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும், ஜாயின்ட்டில் ஏற்கெனவே உப்பு இருக்கும். சுரண்டும் முன்பே நன்றாக அலசிக் காயவிடுங்கள். சுரண்டின பிறகு கழுவித்தான் ஆக வேண்டுமென்றால் சிறுவாணி மாதிரி நல்ல தண்ணீரில் கழுவி, ஏர் அடித்து உடனே உலர்த்துங்கள்.

சுரண்டிய வண்டியை ராத்திரி முழுக்க அப்படியே நிறுத்தி வைப்பதும் வேண்டாம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று அடிக்கும்போது பொள்ளாச்சி, கோவைப் பக்கம் காலையில் பார்த்தால் தகட்டில் மெல்லிய காவி படர்ந்திருக்கும். ஒரே நாளில் பிரைமர் அடித்து முடிக்கிற அளவுக்கு மட்டும் சுரண்டுங்கள். பிரைமருக்கு முன் மண்ணெண்ணெயில் துடைக்கக் கூடாது, எண்ணெய்ப் படலம் நிற்கும். கிரீஸ் எடுக்கிற கிளீனரோ நல்ல தின்னரோ போட்டு ஒரு துணியில் துடைத்து, காயும் முன்பே இன்னொரு சுத்தமான துணியில் எடுங்கள். அதற்குப் பிறகு வெறுங்கை படக் கூடாது.

வெறும் இரும்புக்கு எபாக்ஸி பிரைமர். ரெட் ஆக்சைடு மலிவுதான், ஆனால் அது மட்டும் ஈரத்தைத் தடுக்காது. பட்டி போட்ட இடத்தைத் தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பர் தேய்ப்பது இங்கே ரொம்பச் சகஜம், அதைத் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். பட்டி தண்ணீரைக் குடிக்கும், வெளியே காய்ந்த மாதிரி இருந்தாலும் அடியில் ஈரம் இருக்கும். பட்டியை உலர்வாகவே தேய்க்க வேண்டும்.

புதுச் சீலர் எபாக்ஸிக்கு மேலேதான் வர வேண்டும், வெறும் தகட்டில் இல்லை. பாடிக்கென்று விற்கிற பியு (பாலியூரிதேன்) சீலர் வாங்குங்கள். ஜன்னல் கண்ணாடிக்குப் போடுகிற, வினிகர் வாசம் அடிக்கிற சிலிக்கான் வேண்டவே வேண்டாம். அதன் மேல் பெயிண்ட் ஒட்டாது, அது காயும்போது விடும் அமிலம் இரும்பையும் அரிக்கும்.

கதவின் அடியில், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சைடு பாக்ஸில் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்கும். புதுச் சீலர் இழுக்கிற அவசரத்தில் அவற்றையும் சேர்த்து அடைத்துவிடுவார்கள். வண்டியை எடுக்கும் முன் கண்ணாடி இறங்குகிற இடுக்கில் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றி, கீழே ஒழுகுகிறதா என்று குனிந்து பாருங்கள். ஒழுகாவிட்டால் அங்கேயே நின்று ஓட்டையைத் திறந்து வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.