முதலில் நகல், பிறகுதான் மீட்பு

ஹார்ட் டிஸ்க் முரண்டு பிடித்தால் உடனே மின் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். திரும்பத் திரும்ப இயக்கிப் பார்க்காதீர்கள். பதற்றத்தில் கை அதைத்தான் செய்யும், எனக்குத் தெரியும்.

திருமணங்களுக்குப் படம் எடுப்பது என் தொழில். ஒரு தம்பதியின் இரண்டு நாள் படங்களும் இருந்த 1 டெராபைட் டிஸ்க் ஒரு நாள் காலை திறக்க மறுத்தது. 'ஃபார்மேட் செய்ய வேண்டுமா?' என்று விண்டோஸ் கேட்டது. வேண்டாம் என்று மூடிவிட்டு, செக்டிஸ்க்கை ஓட்டினேன். அதுவும் தவறுதான். செக்டிஸ்க் என்பது கோப்பு அமைப்பை, அதாவது எந்தக் கோப்பு டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்ற கணக்கை, சீர்செய்யும் விண்டோஸ் கருவி. அதற்காக அந்த டிஸ்க்கின் மேலேயே எழுதும். நம் கோப்புகள் பிழைக்கின்றனவா என்பது அதன் கவலை அல்ல. நன்றாக இருந்த சில கோப்புறைகளும் அன்றைக்குச் சிதறின.

முதலில் சத்தத்தைக் கேளுங்கள். 'டக் டக்' என்று ஒரே சீராகத் தட்டினாலோ, உரசும் ஒலி வந்தாலோ, உள்ளே தரவைப் படித்து எழுதும் முனையான ஹெட் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். தரவு பதிந்திருக்கும் தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கிறது. ஹெட் அதன்மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. ஓடும் ஒவ்வொரு நொடியும் பரப்பைச் சுரண்டிவிடலாம். தூசியில்லா அறை உள்ள மீட்பு நிலையத்துக்குக் கொடுங்கள். மூடியைத் திறக்காதீர்கள். குளிர்பெட்டியில் வைக்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள். உள்ளே ஈரம் படியும். சத்தம் இல்லையென்றால் கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். சில நேரம் கோளாறு அவ்வளவுதான்.

டிஸ்க் கணினியில் தெரிகிறது, ஆனால் தடுமாறுகிறது என்றால் அதிலிருந்து கோப்புகளை ஒவ்வொன்றாக இழுக்க முயல வேண்டாம். முழு டிஸ்க்கையும் நகல் எடுங்கள். விண்டோஸுக்குப் பதிலாகப் பென் டிரைவிலிருந்து லினக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கி, பழுதான டிஸ்க்கை மவுன்ட் செய்யாமல், அதாவது அதன் கோப்புகளை லினக்ஸ் திறக்க விடாமல், குனு டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் நிரலைப் பயன்படுத்துங்கள். நல்ல பகுதிகளை முதலில் படித்துவிட்டு, கெட்ட இடங்களைக் கடைசிக்கு ஒதுக்குவது அதன் சிறப்பு. மேப் கோப்பு ஒன்றைக் கட்டாயம் கொடுங்கள். எங்கே நின்றது என்பது அதில் பதிவாகும், நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நகல் எழுதப்படும் டிஸ்க்கில் பழுதானதன் முழுக் கொள்ளளவைவிடக் கூடுதல் இடம் வேண்டும். கட்டளையில் மூல டிஸ்க் முதலில், நகல் இரண்டாவது. இடம் மாறினால் வெற்று டிஸ்க் உங்கள் படங்களின் மேல் எழுதப்பட்டுவிடும். கொள்ளளவையும் வரிசை எண்ணையும் பார்த்து எது எது என்று உறுதி செய்யுங்கள். நான் இரண்டையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டேன்.

எனக்கு முதல் சுற்று ஓர் இரவில் முடிந்தது. மிச்சமிருந்த சிறு பகுதிக்கு இரண்டு நாள் ஆனது. பொறுமையாக விட்டுவிடுங்கள்.

இனி வேலையெல்லாம் நகலில்தான். பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்து வைத்த பகுதி) மட்டும் காணாமல் போயிருந்தால் டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு நிரல் போதும்; பெயர்களும் கோப்புறைகளும் அப்படியே கிடைக்கலாம். அது பலிக்காவிட்டால் போட்டோரெக் என்ற இன்னொரு நிரல். அது கோப்பு அமைப்பையே பார்ப்பதில்லை. ஒவ்வொரு வகைக் கோப்பும் தொடங்கும் அடையாள பைட்டுகளைத் தேடுகிறது. ஆகவே பெயர்கள் போய்விடும். துண்டு துண்டாகச் சேமிக்கப்பட்ட பெரிய வீடியோக்களும் பெரும்பாலும் முழுதாக வராது. படங்களுக்கு ஒரு வழி உண்டு: கேமரா ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த நேரத்தை எக்ஸிஃப் தகவலாக எழுதி வைக்கிறது. அதை வைத்து ஆயிரக்கணக்கான படங்களை வரிசைப்படுத்தினேன்.

சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி வகை டிஸ்க்கில் நீங்களே அழித்த கோப்பு என்றால் நம்பிக்கை குறைவு. அழித்த கோப்புகளின் இடம் இனி தேவையில்லை என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் டிரிம் வசதி இயங்கியிருந்தால் அந்த இடம் பெரும்பாலும் துடைக்கப்பட்டிருக்கும்.

மீண்ட படங்களைச் சிறுபடமாகப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். சிறுபடம் கோப்பின் தொடக்கத்திலேயே தனியாக இருப்பதால், படம் கெட்டிருந்தாலும் அது பளிச்சென்று தெரியும். ஒவ்வொன்றையும் முழு அளவில் திறந்து பாருங்கள். நான் அப்படிப் பார்த்தபோது 27 படங்களின் கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறமாக இருந்தது. அவற்றைத் தனியாக எடுத்து வைத்து, அந்தத் தம்பதியிடம் நேரில் காட்டினேன்.