சாட்டைக்கும் குதிமுள்ளுக்கும் முன்னால் கால் பேச வேண்டும்

என் அய்யா ராமேஸ்வரம் ரயிலடியில் ஜட்கா ஓட்டியவர். மூங்கில் கம்பில் தோல் வார் கட்டிய சாட்டை ஒன்று எப்போதும் கையில் இருக்கும். அது குதிரையின் மேல் பட்ட நாட்களை எண்ணிவிடலாம். கூட்டம் நெரியும் இடத்தில் கம்பைச் சக்கரத்தின் ஆரக்காலில் லேசாகக் கொடுப்பார். 'டட டட டட' என்று சத்தம் எழும்பும். நடப்பவர்கள் ஒதுங்குவார்கள், குதிரை ஒரு காதைப் பின்னால் திருப்பிக் கேட்டுவிட்டு நடையை எட்டிப் போடும். நான் இப்போது அரியமான் கடற்கரைப் பக்கம் மூன்று குதிரைகளை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்கள் முதல் நாளே கேட்பது சாட்டை. இரண்டாவது வாரம் பூட்ஸின் குதிகாலில் மாட்டும் குதிமுள். அவர்களுக்கு வாயால் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் கால். கெண்டைக்காலால் விலாவை மெல்ல அணைக்கிறீர்கள். குதிரை முன்னே எடுத்துவைத்ததும் அந்தக் கணமே காலைத் தளர்த்த வேண்டும். சரியாகச் செய்தோம் என்பது அந்தத் தளர்த்தலில்தான் அதற்குப் புரிகிறது. அசையவில்லையா, இன்னும் கொஞ்சம் அழுத்துங்கள். அப்போதும் இல்லையென்றால் உங்கள் காலுக்கு நாலு விரற்கடை பின்னால் சாட்டையால் ஒரு தட்டு. காலை அழுத்திய மறுநொடியே தட்டுங்கள். யோசித்து, பல்லைக் கடித்து, பிறகு தட்டினால் எதற்கென்று அதற்குத் தெரியாது. நகர்ந்ததும் காலும் சாட்டையும் ஓய்ந்துவிட வேண்டும். பத்தடி நடந்தபின் நிறுத்தி, இந்த முறை காலால் மட்டும் கேட்டுப் பாருங்கள். காலுக்கே கிளம்பினால் சாட்டையின் வேலை முடிந்தது. தட்டியதும் அது முன்னே பாயும்போது பயந்துபோய்க் கடிவாளத்தை இழுத்துவிடாதீர்கள். பின்னால் 'போ' என்று தட்டி, வாயில் 'நில்' என்று இழுத்தால் எந்தக் குதிரைதான் குழம்பாது? முரட்டுக் குதிரை என்று என்னிடம் கொண்டுவந்து விட்டவற்றில் பாதி இப்படி ஆனவைதான்.

குட்டைச் சாட்டை அறுபது, எழுபது சென்டிமீட்டர் இருந்தால் போதும். நுனியில் அகலமான மெத்தென்ற தோல் மடல் இருக்க வேண்டும். குதிரையில் தடை தாண்டும் பன்னாட்டுப் போட்டிகளிலேயே 75 சென்டிமீட்டருக்கு மேல் அனுமதியில்லை. கருவேல விளார், ஒயர், பிளாஸ்டிக் குழாய் எதுவும் வேண்டாம். வாங்கியதும் உங்கள் முன்கையில் அடித்துப் பாருங்கள். எந்த வேகத்தில் உங்களுக்குச் சுரீரென்கிறதோ அந்த வேகம் குதிரைக்கும் கூடாது.

பிடிப்பதில்தான் எல்லோரும் தப்பு செய்கிறார்கள். குமிழ் பெருவிரலுக்கு மேலே கொஞ்சம் நீட்டியிருக்க, தண்டு உங்கள் தொடைமேல் குறுக்காகச் சாய்ந்து கீழே பார்க்க வேண்டும். தட்டப்போகும்போது கடிவாளத்தின் இரண்டு வாரையும் மற்றக் கைக்கு மாற்றுங்கள். பிறகுதான் சாட்டைக் கை பின்னால் போகலாம். மாற்றாமல் பின்னால் கொண்டுபோனால் அந்தக் கையோடு வாரும் போய், இரும்பு வாயைக் கிழிக்கும். எங்கள் கொட்டில் ஓரம் ஒரு பனந்தடி விழுந்து கிடக்கிறது. பிள்ளைகளை அதன்மேல் உட்காரவைத்து, தேங்காய்க் கயிற்றைக் கடிவாளமாகக் கட்டி, இந்தக் கைமாற்றத்தை ஐம்பது தடவை செய்யச் சொல்வேன். கயிறு ஆடாமல் மாற்றத் தெரிந்த பிறகுதான் குதிரை. நீளச் சாட்டையானால் மணிக்கட்டை அசைத்தாலே நுனி போய்த் தொட்டுவிடும், கை வாரை விட வேண்டியதில்லை. ஆனால் கை நடுங்குகிறவர் பிடித்தால் அவர் நினைக்காமலேயே குதிரைக்கு நூறு தட்டு விழும்.

தலையில், முகத்தில், காதில், கழுத்தில், வயிற்றில், அடித்தொடையின் உள்பக்கத்தில் சாட்டை படவே கூடாது. காலுக்குப் பின்னால் தட்டலாம், தோளில் தொட்டு உணர்த்தலாம், அவ்வளவுதான். பன்னாட்டுக் குதிரையேற்றச் சம்மேளனத்தின் தாண்டுதல் விதிகள் தலையில் அடிப்பதையும், மூன்று முறைக்கு மேல் அடுத்தடுத்து அடிப்பதையும், கோபத்தைத் தீர்த்துக்கொள்ள அடிப்பதையும் அத்துமீறல் என்கின்றன. நார்வே 1982-லேயே பந்தயத்தில் சாட்டையைத் தடை செய்துவிட்டது. 'அது தோல் கனமான பிராணி, அதுக்கு என்ன வலிக்கும்' என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். குதிரையின் விலாவில் ஒரு ஈ உட்காரும்போது நின்று பாருங்கள். அந்த ஓர் இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து ஈயை விரட்டும். ஈயின் கால் தெரிகிற தோலுக்குச் சாட்டை தெரியாதா? சிட்னி பல்கலைக்கழகத்தார் 2020-ல் குதிரைத் தோலையும் மனிதத் தோலையும் பக்கம் பக்கமாக வைத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். வலியை உணரும் மேல்தோலின் தடிமனிலும், அங்குள்ள நரம்பு முனைகளின் எண்ணிக்கையிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

அடியாத மாடு படியாது என்று எங்கள் ஊரிலும் சொல்வார்கள். பத்தொன்பது வயதில் நானும் அதை நம்பினேன். சிட்டு என்று ஒரு செவலைப் பெண் குதிரை. ஒரு நாள் காலை அலையோரத்து ஈரமணலில் இறங்கமாட்டேன் என்று நின்றது. தூரத்தில் கூட்டாளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாட்டையால் ஐந்தாறு அடி வைத்தேன். இறங்கியது, ஓடியது, வாயில் நுரை தள்ள வீட்டுக்கு வந்தது. சாயங்காலம் அய்யா அதன் முன்னங்காலைத் தூக்கி மடியில் வைத்தார். லாடத்துக்கும் குளம்பின் நடுவிலுள்ள மெத்தென்ற பகுதிக்கும் இடையில் உடைந்த சிப்பி ஒன்று கத்தி முனைபோலச் செருகியிருந்தது. எடுத்ததும் கறுப்பாக நீர் கசிந்தது. அய்யா என் கையைப் பிடித்துக் குளம்பின்மேல் வைத்து, "தொட்டுப் பாருடா, சுடுதா?" என்றார். சுட்டது. பதினைந்து நாள் அது நடக்கவில்லை.

இந்தக் கரைக்குக் குதிரை புதிதல்ல. பாண்டியர் காலத்தில் அரபு நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக வந்து இறங்கின. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்கோ போலோ, வந்த குதிரைகளில் பெரும்பாலானவை வருஷம் திரும்புவதற்குள் செத்துப்போகின்றன, பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை என்று எழுதிவைத்திருக்கிறார். அதைப் படித்தபோது எனக்குச் சிட்டுவின் குளம்புதான் நினைவுக்கு வந்தது.

அதனால் குதிரை மறுத்தால் சாட்டையைத் தேடாதீர்கள், இறங்குங்கள். நான்கு குளம்பையும் தூக்கிப் பாருங்கள். சேணத்துக்கு அடியில் கைவிட்டு மணல் இருக்கிறதா, முதுகில் புண் இருக்கிறதா பாருங்கள். பிடரிமயிர் முடிகிற முதுகு மேட்டில் சேணம் உட்கார்ந்து அழுத்துகிறதா? கடிவாள இரும்பு பட்டு வாயோரம் வெடித்திருக்கிறதா? தண்ணீர் குடித்ததா? வாலைச் சுழற்றி அடிப்பது, காதைப் பின்னால் ஒட்டவைப்பது, பல்லை நறநறவென்று அரைப்பது எல்லாம் அது சொல்லும் பதில்கள். பயத்தில் நிற்பதும் உண்டு. கரையேற்றிய வள்ளத்தின்மேல் போட்ட நீலத் தார்ப்பாய் காற்றில் படபடத்தால் நல்ல குதிரையும் மிரளும். அங்கே அடித்தால், தார்ப்பாயைப் பார்த்தாலே அடி விழும் என்றுதான் அது கற்றுக்கொள்ளும். எட்டத்தில் நிறுத்திப் பார்க்கவிடுங்கள், கழுத்தைத் தடவிக்கொடுங்கள், இரண்டடி கிட்டே போங்கள். அரை மணி நேரம் போனால் போகட்டும்.

இனி குதிமுள். இது வேகத்துக்கான கருவி என்று நினைக்கிறவர் கையில் நான் கொடுப்பதே இல்லை. காலால் சொல்வதையே இன்னும் மெல்ல, இன்னும் துல்லியமாகச் சொல்வதற்காக ஏற்பட்டது அது. கால் ஆடாதவருக்குத்தான் அது உதவும். ஒரு சோதனை வைத்திருக்கிறேன். பூட்ஸின் குதிகாலில் சாக்பீஸை நன்றாகத் தேய்த்துவிட்டு, சேணத்திலிருந்து தொங்கும் அங்கவடியில் கால் வைக்காமல் ஐந்து நிமிடம் துள்ளுநடையில் போகச் சொல்வேன். இறங்கியபின் விலாவைப் பார்ப்போம். செவலை ரோமத்தில் வெள்ளைத் தீற்றல்கள் இருந்தால், அத்தனை இடத்திலும் நீங்கள் அறியாமலே முள் உரசியிருக்கும் என்று அர்த்தம். தீற்றல் இல்லாத நாள் வர ஒன்றிரண்டு வருஷமும் ஆகலாம். ஆகட்டும்.

அப்படித் தேறியவர் முனை மழுங்கிய, ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள முள்ளில் தொடங்கலாம். உருண்டை முனை இன்னும் நல்லது. சுழலும் பல்சக்கரம் வைத்தது வேண்டவே வேண்டாம். முள் கீழ்நோக்கி வளைந்திருக்க வேண்டும், வாரின் கொக்கி வெளிப்பக்கம் இருக்க வேண்டும், குதிகாலுக்கு மேலுள்ள விளிம்பில் அசையாமல் உட்கார வேண்டும். போன வருஷம் ஒரு பையன் இணையத்தில் வாங்கிய குதிமுள்ளை ரப்பர் செருப்பில் கயிற்றால் கட்டிக்கொண்டு வந்தான். நாலு எட்டில் அது திரும்பிக்கொண்டு விலாவில் உழுதுவிட்டது. பூட்ஸ் இல்லாமல் குதிமுள் கிடையாது. பயன்படுத்தும்போது முதலில் கெண்டைக்கால், பதில் இல்லையென்றால் பாதத்தின் முன்பக்கத்தைக் கொஞ்சம் வெளியே திருப்பி முள்ளால் ஒரு தொடல், உடனே எடுத்துவிடல். உதைக்கக் கூடாது, அழுத்தி வைத்துக்கொண்டும் இருக்கக் கூடாது. புதிதாகப் பழகும் இளங்குதிரைக்கும், கால் பட்டாலே பறக்கும் குதிரைக்கும் இது தேவையில்லை.

எங்கள் கரைக்கென்று ஒன்றிரண்டு. உலர்ந்த மணலில் குளம்பு புதைந்துபோகும், ஒவ்வொரு எட்டும் காலின் தசைநாரை இழுக்கும். அங்கே மெதுவாகப் போகிற குதிரை சோம்பேறி அல்ல. விரட்டாமல் ஈரமணல் ஓரமாகக் கொண்டுபோங்கள். வண்டி, சுமை விலங்குகளுக்கான 1965-ம் வருஷ மத்திய விதி, வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் 12 மணியிலிருந்து 3 மணிவரை வேலை வாங்கக் கூடாது என்கிறது. ஆணி வைத்த கோலையும் அதே விதி தடுக்கிறது. சவாரிக் குதிரைக்கும் நான் அதையே வைத்துக்கொள்கிறேன். அடித்துத் துன்புறுத்துவது 1960-ம் வருஷச் சட்டப்படி குற்றம் என்பதையும் சவாரிக்குக் குதிரை நிறுத்துகிற தம்பிமார் தெரிந்துகொள்ள வேண்டும்.

இறங்கியதும் சேணத்தை எடுத்துவிட்டு, முள் பட்ட இடத்தில் ரோமத்துக்கு எதிர்த்திசையில் விரலால் தடவிப் பாருங்கள். ரோமம் உதிர்கிறதா, வீக்கம் இருக்கிறதா, ஈரம் வியர்வைதானா? வியர்வையும் உப்பும் மணலும் சேர்ந்தால் சின்ன உராய்வும் இரண்டு நாளில் புண்ணாகி ஈ மொய்க்கும். நல்ல தண்ணீரில் கழுவுங்கள், ஆறும்வரை குதிமுள்ளை எடுத்து வைத்துவிடுங்கள். சாட்டையின் தோல் மடலையும் வாரம் ஒருமுறை துடைத்து எண்ணெய் தடவுங்கள். உப்புக்காற்றில் தோல் வெடிக்கும், வெடித்த ஓரம் பிளேடு மாதிரி அறுக்கும். தையல் பிரிந்தாலே மாற்றிவிடுங்கள்.