விறகு பாய்லரைப் பருவம் முடிந்து மூடும்போது செய்யும் தவறுகள்

குளிர்காலம் முடிந்து கடைசி நெருப்பும் அணைந்ததும், விறகால் தண்ணீரைச் சூடாக்கிக் குழாய்களில் சுற்றவிட்டு வீட்டை வெதுவெதுப்பாக வைக்கும் பாய்லரின் கதவைச் சாத்திவிட்டு அதை மறந்துவிடுவார்கள் பலர். அடுத்த குளிருக்கு முன்னால் சுத்தம் செய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போடுவார்கள். நான் பார்த்தவரை இதைவிடப் பெரிய தவறு இல்லை. பாய்லரின் இரும்பை நெருப்பு மட்டும் தின்பதில்லை, அது சும்மா கிடக்கும் மாதங்களும் தின்கின்றன.

காரணம் உள்ளே விட்டுவைத்த சாம்பல். விறகுச் சாம்பலில் இருக்கும் பொட்டாசியம் கார்பனேட் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புகை போகும் வழியில் படிந்த கரியிலும் தாரிலும் அமிலம் உண்டு. வெளியே வெயில் ஏறும்போது, வெதுவெதுப்பான ஈரக்காற்று குளிர்ந்த இரும்பில் பட்டு வியர்க்கும். இவை மூன்றும் சேர்ந்தால் துருதான். சுத்தம் செய்யாமல் விட்ட பாய்லரைச் சில மாதம் கழித்துத் திறந்து பாருங்கள். சாம்பல் தட்டின் மூலையில் சேறு மாதிரி சாம்பல் கெட்டிப்பட்டிருக்கும். அதைச் சுரண்டினால் இரும்பும் செதில் செதிலாகச் சேர்ந்து வரும்.

சுத்தம் செய்பவர்களும் கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அடுப்பறை பளிச்சென்று இருக்கும், ஆனால் கம்பித்தட்டின் அடி, காற்றுத் துளைகள், புகைக்குழாய்களின் உட்புறம், பாய்லரின் பின்னால் புகைபோக்கியோடு சேரும் வளைவு எல்லாம் அப்படியே இருக்கும். கரி அதிகம் தங்குவது அந்த வளைவில்தான்.

அப்புறம் அவசரம். மேலே ஆறிப்போன சாம்பலுக்குள் கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். நீறு பூத்த நெருப்பு என்று சும்மாவா சொன்னார்கள்! அதை அட்டைப்பெட்டியிலோ பிளாஸ்டிக் வாளியிலோ அள்ளினாலும், வீட்டு வேக்குவம் கிளீனரால் உறிஞ்சினாலும் தீப்பிடிக்கும். மூடியுள்ள உலோக வாளியில் அள்ளி, வீட்டுக்கு வெளியே, மரத்தரை இல்லாத இடத்தில், சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். முகக்கவசமும் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். அந்தத் தூள் காரமானது.

தண்ணீர் விட்டுக் கழுவவே கூடாது. ஈரச் சாம்பல் இரும்பில் ஒட்டிக்கொண்டு துருவை வரவழைக்கும். அடுப்பறையின் உட்புறம் பதித்த, சூடு தாங்கும் தீச்செங்கல் குடித்த தண்ணீர் அடுத்த நெருப்பில் ஆவியாகிக் கல்லையே பிளக்கும். பிரஷ்ஷும் சுரண்டியும் போதும். கல்லில் மெல்லிய கீறல் தெரிந்தால் பயப்பட வேண்டாம். துண்டு துண்டாக உதிர்ந்தால்தான் மாற்ற வேண்டும்.

கண்ணாடி மாதிரி பளபளக்கும் கெட்டித் தாரைச் சுத்தியலால் தட்டிப் பெயர்க்காதீர்கள். அப்படித் தார் படிகிறது என்றால் விறகு ஈரமாக இருந்திருக்கும், அல்லது காற்றைக் குறைத்துப் புகையவிட்டிருப்பீர்கள். விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். பருவத்தின் கடைசி நெருப்புகளைக் காய்ந்த விறகால், நன்றாகக் காற்றுவிட்டு எரித்து முடிப்பது நல்லது. ஆனால் புகைபோக்கியில் தார் ஏற்கெனவே தடிமனாக இருந்தால் அந்த வேலையே வேண்டாம். தார் தீப்பிடித்தால் புகைபோக்கியே எரியும். முதலில் ஆள் வைத்துச் சுத்தம் செய்யுங்கள்.

உள்ளே இருக்கும் தண்ணீரை வடித்துவிட்டால் பாய்லர் துருப்பிடிக்காது என்று பலர் நம்புகிறார்கள். நடப்பது நேர்மாறு. மூடிய அமைப்பில் சுற்றிச் சுற்றி வந்த பழைய தண்ணீரில் ஆக்சிஜன் பெரும்பாலும் தீர்ந்திருக்கும், அது இரும்பை அதிகம் தொந்தரவு செய்யாது. வடித்துவிட்டால் ஈரமான உட்சுவரில் காற்று படும், மறுபடி நிரப்பும் புதுத் தண்ணீரும் ஆக்சிஜனைக் கொண்டுவரும். எனவே நிரம்பியே இருக்கட்டும். தண்ணீர் உறைந்துபோகும் அளவு குளிரில் வீடு பூட்டிக் கிடக்கும் என்றாலோ, பழுதுபார்க்க வேண்டும் என்றாலோ மட்டும் வடிக்கலாம்.

மின்சாரத்தை அணைத்ததோடு, தண்ணீரைச் சுற்றவிடும் பம்பை மறந்துவிடாதீர்கள். மாதம் ஒருமுறை சில நிமிடம் ஓடவிட்டால் இறுகிப்போகாது. பாய்லருக்கும், சூடேறி விரியும் தண்ணீருக்கு இடம் தரும் விரிவுத் தொட்டிக்கும் நடுவே இருக்கும் வால்வை ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்று மூடுவது உண்மையிலேயே ஆபத்து. திறக்க மறந்து நெருப்பு மூட்டினால் அழுத்தம் தாறுமாறாக ஏறும்.

கதவை இறுக்கிச் சாத்துவதா, திறந்து வைப்பதா? கையேடு வேறுவிதமாகச் சொல்லாதவரை, லேசாகத் திறந்து காற்று ஓடவிடுவதே என் விருப்பம். புகைபோக்கியின் தலையில் மழை இறங்காதபடி மூடி இருக்கட்டும். கதவின் விளிம்பில் இடைவெளியை அடைக்கும் கேஸ்கெட் கயிற்றையும் இப்போதே பாருங்கள். ஒரு தாளை நடுவில் வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். தடையில்லாமல் வந்துவிட்டால் கயிறு நைந்துவிட்டது. மாற்றுக் கயிறு வாங்க இதுதான் நேரம், குளிர் வந்த பிறகு தேடி அலைய வேண்டாம்.

அடுத்த பருவத்தில் முதல் தீக்குச்சியைக் கிழிக்கும் முன், புகைபோக்கியில் பறவைக்கூடு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைப்பு இருந்தால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பும், அதற்கு வாசனை கிடையாது. அதன் அலாரத்துக்குப் புது பேட்டரி போட்டுவிட்டு நெருப்பு மூட்டுங்கள்.